லாரி பெயிண்ட்

வீட்டு வாசலில் வைத்து, ஒரு பழைய மாருதி 800-க்கு எனாமல் பெயிண்ட் அடித்தேன் என்று சொன்னால் கேட்பவர் முகம் எப்படிப் போகும் என்பதை இப்போதெல்லாம் நான் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். முதலில் ஒரு சிரிப்பு. அப்புறம், "எனாமலா? கிரில் கேட்டுக்கு அடிப்பாங்களே, அதுவா?" கடைசியில் கொஞ்சம் பரிதாபத்தோடு, "லாரிக்கு அடிக்கிறதைப் போய் காருக்கு அடிச்சிட்டீங்களே சார்." பெயிண்ட் பிடித்ததா, உரிந்ததா, வெயிலுக்கு நின்றதா என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் என்ன பெயிண்ட் என்பது மட்டும்தான். தேசிய நெடுஞ்சாலை 44-ம் 48-ம் ஒன்றாக வந்து, ஒன்று சேலத்துக்கும் ஒன்று சென்னைக்கும் பிரிகிற ஊர் கிருஷ்ணகிரி. டயர்க்கடை, பஞ்சர்க்கடை, லேத்துப் பட்டறை, புரோட்டாக்கடை என்று ஊரில் பாதிப் பேர் லாரியை நம்பித்தான் இருக்கிறோம். இங்கேயே லாரிக்கு அடிக்கிற பெயிண்ட் என்றால் இவ்வளவு இளக்காரம் ஏன் என்று ரொம்ப நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி 98 மாடல், வெள்ளை. டி.என். 29, அதாவது தர்மபுரி நம்பர். 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோது நாங்கள் கிருஷ்ணகிரிக்காரர்கள் ஆகிவிட்டோம், வண்டி மட்டும் தர்மபுரியிலேயே நின்றுவிட்டது. மாங்காய் மண்டி நடத்திய ஒருவரிடம் வாங்கினேன். சீசனில் பெங்களூரா மாங்காயைக் கூடை கூடையாகப் பின்சீட்டில் ஏற்றி ஓட்டியிருக்கிறார் என்பது வண்டியைப் பார்த்தாலே தெரியும். 15 வருடம் முடிந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும் அல்லவா, அந்தத் தவணை 2023-ல் வந்தது. ஆர்.டி.ஓ. பேப்பர் வேலை பார்க்கிறவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இன்ஜின் பிரேக் எல்லாம் ஓகே சார். ஆனா இந்தக் கோலத்துல கொண்டுபோய் நிறுத்தாதீங்க, ஒரு பெயிண்ட் அடிச்சிட்டு வாங்க" என்றார். பானெட்டில் கை வைத்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். கதவுப் படிக்குக் கீழே துரு பொரிந்து கிடந்தது. அவர் சொன்னது நியாயம்தான்.

பட்டி, டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கிற ஒரு பட்டறையில் கேட்டேன். ஃபுல் பாடிக்கு 35,000 ரூபாய். வண்டியை விற்றாலே 50,000 வராது. ஃபோர்மேன் சுற்றி வந்து எந்தெந்த பேனல் மோசம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிச் சொன்னார். பானெட் போச்சு, இடது பின்கதவு போச்சு, ரெண்டு ஃபெண்டரும் போச்சு, டிக்கி பரவாயில்லை. விலையைக் குறைக்க வழி உண்டா, எனாமல் அடித்தால் எவ்வளவு ஆகும் என்று சும்மா கேட்டு வைத்தேன். அவர் முகத்தில் நான் மேலே சொன்ன அதே சிரிப்பு வந்தது. "எனாமல் அடிச்ச வண்டியை அப்புறம் எவனும் தொட மாட்டான் சார்." ஏன் என்று கேட்டதற்கு, "தொட மாட்டான், அவ்வளவுதான்" என்றார்.

காரணம் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேன். காரணம் இல்லாத 'கூடாது' எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

தின்னர் நனைத்த துணி

ராயக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்குப் போகிற லாரிகளுக்கு பெயிண்ட் அடிக்கிற பாய் ஒருவர் இருக்கிறார். எட்டு வருடம் வரைக்கும் லாரிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்கு மேலே வருடா வருடம். ஆகவே அவருக்கு வேலை நிற்காது. நான் போனபோது ஒரு டிப்பரின் லோடு பாடியில் பிரஷ் ஓட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிரஷ்ஷை டப்பா விளிம்பில் வழித்து வைத்துவிட்டு, "முதல்ல இப்ப மேல என்ன இருக்குன்னு பார்க்கணும் தம்பி" என்று ஒரு சின்னத் தின்னர் டப்பாவையும் ஒரு கை பனியன் வேஸ்ட்டையும் எடுத்துக்கொண்டு காரிடம் வந்தார்.

துணியில் தின்னரை நனைத்து, கூரையின் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அழுத்தித் தேய்த்தார். துணியைத் திருப்பிக் காட்டினார். வெயிலில் வெந்த மேல்மாவு போனதோடு சரி, நிறம் ஏறவில்லை. "இது கம்பெனி பெயிண்ட்." இடது பின்கதவுக்குப் போனார். நாலு தேய்ப்பிலேயே துணி பாலாக வெளுத்தது, கதவில் அந்த இடம் மங்கி, அடியிலிருந்து சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. "இது என்.சி. யாரோ இடிச்சு, அப்புறம் அடிச்சிருக்காங்க." என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ், கார் பட்டறைகளில் அடிக்கிற பெயிண்ட். அப்புறம் டிக்கி. கீழ்விளிம்பில், யார் கண்ணிலும் படாத ஓரத்தில் ஈரத்துணியை வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். எடுத்தபோது பெயிண்ட் கரையவும் இல்லை, அப்படியே நிற்கவும் இல்லை. தண்ணீரில் ஊறிய விரல் நுனி மாதிரி சுருங்கி, மெல்ல உப்பி எழுந்தது. பாய் அதை நகத்தால் ஒரு இழு இழுத்தார், தோலாக வந்தது.

"எனாமல்" என்றார். "உங்க வண்டியில ஏற்கெனவே எனாமல் இருக்கு தம்பி. நல்லாவே அடிச்சிருக்கான்."

ஃபோர்மேன் 'பரவாயில்லை' என்று விட்ட ஒரே பேனல் அந்த டிக்கிதான். வாங்கும்போது நான் பார்த்தேன், எனக்கு முன்னால் எத்தனை பேர் பார்த்தார்களோ, ஒருத்தருக்கும் தெரியவில்லை. மாங்காய்க் கூடை உரசிய டிக்கியை மண்டிக்காரர் எந்த லாரி பெயிண்டரிடமோ கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். தெரியாத வரைக்கும் அது நல்ல பெயிண்ட். பெயர் தெரிந்த பிறகுதான் அது லாரி பெயிண்ட்.

அதே துணி ஃபோர்மேன் சொல்லாமல் விட்ட காரணத்தையும் காட்டிவிட்டது. கார் பட்டறைகளில் ஓடுகிற என்.சி.யும் சரி, இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பி.யு.வும் (பாலியூரிதேன்) சரி, காட்டமான தின்னரில் கலக்கப்படுபவை. அவற்றை எனாமலின் மேல் அடித்தால் அடியில் இருக்கிற எனாமல் டிக்கி ஓரம் சுருங்கிய மாதிரி சுருங்கிக் கிளம்பும். ஆகவே அடுத்து வருகிற பெயிண்டர் தகடு தெரிகிற வரைக்கும் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டும், அதற்கு ஆகிற கூலியைக் கேட்டால் வண்டிக்காரன் ஓடிவிடுவான். தொட மாட்டான் என்பது உண்மை. ஆனால் மறுபக்கமும் உண்டு. எனாமலை டர்பன்டைனில்தான் கலக்குகிறோம், டர்பன்டைன் கீழே இருக்கிற என்.சி.யையோ கம்பெனி பெயிண்டையோ ஒன்றும் செய்யாது. எனாமல் எதன் மேலும் உட்காரும், தின்னர் பெயிண்ட் எதுவும் எனாமல் மேல் உட்காராது. அப்படியானால் ஒரு வண்டிக்குக் கடைசியாக அடிக்கிற பெயிண்ட் எனாமலாக இருக்கலாம். 25 வயது மாருதிக்கு இதற்குப் பிறகு யார் இன்னொரு தடவை 35,000 கொடுத்து பி.யு. அடிக்கப் போகிறார்கள்?

காருக்கு வந்ததே எனாமல்தான்

அப்புறம் கொஞ்சம் படித்தேன். படிக்கப் படிக்க இந்த இளக்காரம் இன்னும் வேடிக்கையாகத் தெரிந்தது. மோட்டார் கார் வந்த புதிதில் எண்ணெய் வார்னிஷைப் பிரஷ்ஷால்தான் அடித்தார்கள். பூச்சுக்குப் பூச்சு காயவைத்து ஒரு வண்டி வெளியே போக வாரக்கணக்கில் ஆகும். டூபான்ட் கம்பெனியும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 1923-ல் டூக்கோ என்ற நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைக் கொண்டுவந்த பிறகுதான் அந்த வாரங்கள் மணிகளாகக் குறைந்தன. நம் ஊர் ஆசாரி பீரோவுக்கு டூக்கோ அடிக்கலாமா என்று கேட்கிறாரே, அந்த டூக்கோதான். என்.சி. என்பதும் இதே சாதிதான். இது கரைப்பான் ஆவியானதும் காய்ந்துவிடும், அவ்வளவுதான். எத்தனை வருடம் கழித்துத் தின்னர் பட்டாலும் மறுபடி கரையும். கதவில் துணி வெளுத்தது அதனால்தான்.

எனாமல் வேறு வழியில் காய்கிறது. முதலில் டர்பன்டைன் ஆவியாகும். அப்புறம் அதிலுள்ள அல்கிட் பிசினில் கலந்திருக்கிற எண்ணெய், காற்றில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இதை வேகப்படுத்த கோபால்ட் மாதிரியான உலோக உப்புகளைத் துளி சேர்த்திருப்பார்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் விரலில் ஒட்டாது, ஆனால் உள்ளே முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். இப்போது வேடிக்கைக்கு வருகிறேன். மெட்டாலிக் இல்லாத ஒற்றை நிறக் கார்களுக்குத் தொழிற்சாலைகளில் நெடுங்காலம் அடித்து வந்தது இதே அல்கிட்டோடு மெலமின் சேர்த்த எனாமல். 120, 140 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் சுட்டு எடுப்பார்கள். சுட்டதால் தின்னருக்கு அசைவதில்லை. உறவு ஒன்றுதான். ஒருவன் அடுப்பில் வெந்தவன், இன்னொருவன் வெயிலில் காய்ந்தவன்.

ரஸ்ட்-ஓலியம் என்று அமெரிக்காவில் ஒரு துருத்தடுப்பு எனாமல் உண்டு. ராபர்ட் ஃபெர்குசன் என்கிற கப்பல் கேப்டன், துருப்பிடித்த கப்பல் தளத்தில் மீன் எண்ணெய் சிந்திய இடத்தில் துரு நின்றுபோனதைப் பார்த்து 1921-ல் ஆரம்பித்த கம்பெனி. அங்கே பழைய கார் வைத்திருக்கிறவர்கள் அந்த டப்பாவை வாங்கி, நீர்க்கக் கலக்கி, நாலு அங்குல ஸ்பாஞ்சு ரோலரால் காருக்கே உருட்டியிருக்கிறார்கள். மெல்லிய பூச்சுகள், இரண்டு பூச்சுக்கு ஒரு தடவை வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்), கடைசியில் பாலிஷ். ஸ்பிரே இல்லை, கம்ப்ரசர் இல்லை. எனாமலின் குறை என்று எல்லோரும் சொல்கிற அந்த மெதுவாகக் காயும் குணம்தான் இதைச் சாத்தியமாக்குகிறது. ரோலர் விட்ட தடம் தானாகப் பரவி மட்டமாக அதற்கு நேரம் கிடைக்கிறது. என்.சி.யை ரோலரால் உருட்டினால் பரவுவதற்குள் காய்ந்துவிடும், தின்னர் ஸ்பாஞ்சையும் தின்றுவிடும். பி.யு.வை வீட்டில் அடிக்க நினைக்கவே கூடாது. அதன் இரண்டாவது டப்பாவான ஹார்டனரில் இருக்கிற ஐசோசயனேட் என்ற ரசாயனம் மூச்சுக்குள் போனால் ஆஸ்துமா வரலாம், துணி மாஸ்க் எல்லாம் அதற்கு ஆகாது.

மெட்டாலிக் நிறத்துக்கும் இந்த வழி கிடையாது. அலுமினியத் துகள்கள் ரோலர் போன போக்கில் படுத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும். நம்முடையது வெறும் வெள்ளை, பிரச்சினை இல்லை. பெங்களூரில் இருக்கும் மச்சான், "அடிக்கிறதுதான் அடிக்கிறீங்க மாமா, மிலிட்டரி பச்சை அடிங்க, கெத்தா இருக்கும்" என்றான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, ராணுவ வண்டி தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. வேறு நிறமாக இருந்தாலும் ஆர்.சி.யில் மாற்ற வேண்டும். வெள்ளைக்கு வெள்ளை என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தேய்ப்பும் பனியும்

பெயிண்ட் அப்போது லிட்டர் 300 ரூபாய் சொச்சம். செலவு அதில் இல்லை, தேய்ப்பதில் இருக்கிறது. பட்டறை கேட்ட 35,000-ல் பெரும்பங்கு கூலிதான், அந்தக் கூலியில் பெரும்பங்கு வாட்டர் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு. 320, 400 நம்பர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்தேன். உலர்ந்தபடி தேய்க்காதீர்கள் என்று யாருக்கும் சொல்வேன். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, தொழிற்சாலை பெயிண்டுகள் அதிலும் சேராது. பழைய பெயிண்டின் தூசி வீட்டு வாசலில் பறக்க வேண்டாம். ஈரத்தில் தேய்த்தால் அது சேறாக வழிந்து போகும், அதை வாரிக் குப்பையில் போட்டுவிடலாம்.

துருப்பிடித்த படியைக் கம்பிப் பிரஷ்ஷால் தகடு மின்னுகிற வரைக்கும் சுரண்டி, பிரைமர் கொடுத்து, பள்ளத்துக்கு மட்டும் பட்டி வைத்தேன். டிக்கியில் பட்டி வேண்டாம், என்.சி. பட்டியில் இருக்கிற தின்னரே அதைக் கிளப்பிவிடும் என்று பாய் எச்சரித்திருந்தார், அதை வெறுமனே தேய்த்து விட்டேன். கண்ணாடியைச் சுற்றியிருக்கிற ரப்பர் பீடிங்குக்கு அவர் சொன்ன உபாயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. டேப் ஒட்டினால் பீடிங் ஓரத்தில் பெயிண்ட் கோடு தெரியும், பின்னால் அங்கிருந்துதான் உரியவும் தொடங்கும். அதற்குப் பதில் மெல்லிய நைலான் கயிற்றை ரப்பரின் உதட்டுக்கு அடியில் சுற்றிலும் செருகிவிட வேண்டும். ரப்பர் தகட்டிலிருந்து கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். பெயிண்ட் அதற்கு உள்ளே வரைக்கும் போகும். காய்ந்ததும் கயிற்றை உருவினால் ரப்பர் படிந்துவிடும், ஓரம் எங்கே என்றே தெரியாது. கார் பட்டறைக்காரர்களுக்கும் இது தெரியும்தான். நமக்குச் சொல்ல மாட்டார்கள்.

எப்போது அடிப்பது என்பதில்தான் பாயும் நானும் வாதம் பண்ணினோம். நான் தை மாதம் என்றேன், வெயில் கம்மி, காற்று கம்மி. அவர் மாசி என்றார். தையில் இங்கே பனி இறங்கும். மத்தியானம் அடித்த எனாமல் ராத்திரி பனிக்குள் இறுகியிருக்காது, பனி பட்டால் பளபளப்பு போய்ப் புகை படிந்த மாதிரி மங்கிவிடும். பங்குனிக்குத் தள்ளினால் வெயிலில் தகடு சுடும், ரோலரை எடுப்பதற்குள் பெயிண்ட் இழுபடும். ஆடிக் காற்றில் கேட்கவே வேண்டாம், ஊரில் இருக்கிற மண்ணெல்லாம் கூரையில் உட்காரும். மாசியில், தகரக் கொட்டகைக்குள் வண்டியை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் அன்றைய பூச்சை முடித்துவிட வேண்டும். சாயங்காலம் அடித்தால் வெள்ளை நிறத்தைப் பார்த்துப் பூச்சி வந்து ஒட்டும்.

ரோலரைக் கையில் எடுத்த முதல் பூச்சு பார்க்கச் சகிக்காது. இது யாருக்கானாலும் அப்படித்தான். நீர்க்கக் கலக்கிய பெயிண்ட் அடியை மறைக்காது, பட்டியும் பிரைமரும் சிவப்பும் சாம்பலுமாகத் தெரியும். என் மனைவி வாசலுக்கு வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். ரோலரிலிருந்து சின்னச் சின்னக் குமிழ் கிளம்பும். உலர்ந்த இன்னொரு ரோலரைக் கனம் கொடுக்காமல், அதன் எடையிலேயே ஒரு இழுப்பு இழுத்தால் குமிழ் உடையும், பின்னாலேயே பெயிண்ட் பரவி மூடிக்கொள்ளும். அந்த ஒரு நிமிடத்தைப் பக்கவாட்டில் குனிந்து, டியூப்லைட் கூரையில் விழுகிற கோட்டைப் பார்த்தால் தெரியும். முதலில் அந்தக் கோடு நெளிந்து நெளிந்து இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிமிர்ந்துகொண்டே வரும். நடுவில் கை வைக்கத் தோன்றும், வைக்கக் கூடாது. மூன்றாவது பூச்சில் வெள்ளை நின்றது. அதற்கு மேல் பூச்சுக்கு நடுவே 800, கடைசியில் 1500, 2000 என்று தேய்த்து, சில வாரம் இறுக விட்டு, ரப்பிங் காம்பவுண்ட் போட்டோம். 'போட்டோம்' என்றால் பாயும் நானும். கூலி வாங்க மாட்டேன் என்றார், டீயும் வடையும் மட்டும்தான்.

இப்போது எப்படி இருக்கிறது

மெச்சிக்கொள்ள மட்டும் இதை எழுதவில்லை. எனாமல் பி.யு. அளவுக்குக் கெட்டி கிடையாது. கடை வாசலில் யாரோ சாவியால் உரசிவிட்டுப் போனார்கள், பி.யு.வாக இருந்தால் மேலோடு போயிருக்கும், இது ஆழமாக வாங்கியது. பானெட்டிலும் கூரையிலும் வருடத்துக்கு ஒரு தடவை பாலிஷ் போடாவிட்டால் மங்கிவிடுகிறது. இன்னொன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. வெளியே வெயிலில் கிடக்கிற பேனல்கள் வெள்ளையாகவே இருக்கின்றன. கதவைத் திறந்தால் உள்விளிம்பும், டிக்கியின் உள்பக்கமும் லேசாக மஞ்சள் தட்டியிருக்கின்றன. அல்கிட் வெள்ளை இருட்டில் இருந்தால்தான் மஞ்சளாகும், வெளிச்சம் பட்டால் வெளுத்துக்கொள்ளும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிளாஸ்டிக் பம்பருக்கு இதை அடிக்கவில்லை, அடித்தால் அட்டை அட்டையாக உரியும், அது கறுப்பாகவே இருக்கட்டும். படியில் துரு திரும்ப வரவில்லை, எனக்கு வேண்டியது அதுதான். ஆர்.சி. வேலையும் முடிந்தது, பரிசோதித்தவர் பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது வண்டிக்கு, கடன் ஓடுகிற வண்டிக்கு, இரண்டு வருடத்தில் விற்கப் போகிற வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். விற்கிற கதையைச் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார், கீழே படுத்து ஃப்ளோர் தகட்டைத் தட்டினார், ஓட்டிப் பார்த்தார், திருப்தி. 45,000 என்று முடிவாகிற நேரத்தில், மறைத்து விற்பது முறையில்லை என்று எனாமல் அடித்ததைச் சொன்னேன். மறுபடியும் எழுந்து போய் பானெட்டைப் பார்த்தார். பத்து நிமிடத்துக்கு முன்னால் பார்த்த அதே பானெட்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எனாமல்னு சொல்லிட்டீங்களே. 35-ன்னா முடிச்சுக்கலாம்."

பெயிண்ட், பேப்பர், பட்டி, டர்பன்டைன் எல்லாம் சேர்ந்து எனக்கு 4,000 கூட ஆகவில்லை, இளக்காரத்துக்கு மட்டும் 10,000 கேட்கிறார். அவர் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். நாளைக்கு அவர் விற்கும்போதும் இன்னொருவர் இதையே சொல்லிக் குறைப்பார், அவர் என்ன செய்வார் பாவம். மோர் கொடுத்து அனுப்பிவைத்தேன். வண்டி வீட்டில்தான் நிற்கிறது, அடுத்த ஆர்.சி. 2028-ல்.